எருக்குவியலில் பிறக்கும் ஈக்கள்: பால் உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் நாட்டில் கண்டுகொள்ளப்படாத ஓர் இழப்பு

புதுதில்லி: பருவமழை தொடங்கிவிட்டால் கறவை மாடு வளர்ப்போரின் கொட்டகைகளில் நாடெங்கும் ஒரே காட்சிதான். பால் கறக்க அமர்ந்தவர் ஒரு கையால் ஈ ஓட்டுகிறார். மாடு வாலைச் சுழற்றுகிறது, காலை உதைக்கிறது, சில வேளைகளில் கறந்த பாலும் கவிழ்கிறது. மழைக்காலம் என்றால் ஈ வரத்தான் செய்யும் என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு புட்டி பூச்சிமருந்து வருகிறது. இரண்டு நாள் ஈக்கள் குறைகின்றன. மூன்றாம் நாள் பழையபடி மொய்க்கின்றன.

ஈ தொல்லை தருகிறது என்பதை அறியாத மாடு வளர்ப்பவர் எவரும் இல்லை. அது எங்கே பிறக்கிறது, எத்தனை நாளில் பிறக்கிறது, எந்த ஈ எந்தத் தீங்கைச் செய்கிறது என்பவைதான் பலருக்கும் போய்ச் சேரவில்லை. அவற்றை அறிந்தவர்களும் செயலில் இறங்க முடியாதபடி இடமும் ஆள்பலமும் பால் விலை முறையும் தடுக்கின்றன. ஈக் கட்டுப்பாடு குறித்த விழிப்புணர்வைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

கணக்கில் வராத இழப்பு

உலகின் பால் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இந்தியா அளிக்கிறது. மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறையின் புள்ளிவிவரப்படி, 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் பால் உற்பத்தி 23.93 கோடி டன். நாளொன்றுக்குத் தலா 471 கிராம் பால் கிடைக்கிறது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் பசுவினம் 19.25 கோடியாகவும் எருமைகள் 10.98 கோடியாகவும் பதிவாகின.

இவ்வளவு பெரிய எண்ணிக்கையிலான கால்நடைகள் சில பெரும் பண்ணைகளில் குவிந்திருக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில் சிறு, குறு விவசாயிகளின் முற்றங்களிலும் கொல்லைகளிலுமே பெரும்பாலும் கட்டப்பட்டுள்ளன. ஆகவே மாட்டுக் கொட்டகையின் ஈ, அடுத்த நிமிடமே சமையலறையின் ஈயாகவும் ஆகிவிடுகிறது.

கோமாரி நோய் வந்தால் மாடு கண்ணெதிரே துவள்கிறது. தீவன விலை ஏறினால் கையிருப்பு கரைகிறது. ஈயால் ஏற்படும் இழப்புக்கு அப்படி ஓர் உருவம் இல்லை. ஈக்கடியைத் தாங்காத மாடு படுக்காது, நிம்மதியாக அசை போடாது, தீவனத் தொட்டியில் முழுமையாக மேயாது. அதன் விளைவாக அரை லிட்டர் பால் குறைந்தால், பழி தீவனத்தின் மீதோ வெயிலின் மீதோ போய்விடுகிறது. அமெரிக்காவில் இத்தகைய இழப்பைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், ரத்தம் உறிஞ்சும் தொழுவ ஈ என்ற ஒரே இனத்தால் அந்நாட்டுக் கால்நடைத் துறைக்கு ஆண்டுக்குச் சுமார் 220 கோடி டாலர் இழப்பு ஏற்படுவதாக 2012இல் மதிப்பிட்டனர். ஒரு கறவை மாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 139 கிலோ பால் இழப்பு என்பது அவர்களது கணிப்பு.

ஒரே பெயரில் பல ஈக்கள்

பேச்சு வழக்கில் எல்லாமே ஈதான். ஆனால் கொட்டகையில் காணப்படும் ஈக்கள் ஒன்றல்ல. இவற்றைப் பிரித்தறிவதே கட்டுப்பாட்டின் முதல் படி என்று கால்நடைப் பூச்சியியல் கூறுகிறது.

முதலாவது வீட்டு ஈ. 6 முதல் 7 மில்லிமீட்டர் நீளமும் சாம்பல் நிறமும் கொண்ட இதன் முதுகில் நான்கு கருங்கோடுகள் இருக்கும். இதற்குக் கடிக்கத் தெரியாது. பஞ்சு போன்ற வாயுறுப்பால் திரவத்தை ஒற்றி எடுக்கும். திடப்பொருளில் அமர்ந்தால் எச்சிலையும் குடலில் உள்ளதையும் அதன் மீது கக்கி, கரைத்து உறிஞ்சும். சாணத்திலும் சீழிலும் அமர்ந்த அதே கால்களோடு மடிக்காம்பிலும் பால் வடிகட்டும் துணியிலும் வந்து அமர்கிறது. மாட்டின் கண்ணீர், மூக்குச்சளி, புண்ணின் கசிவு ஆகியவற்றை நாடி மொய்க்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நோய்க்கிருமிகளை உடலில் சுமக்கக்கூடியது என ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

இரண்டாவது தொழுவ ஈ. பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும். தலையின் முன்புறம் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் வாயுறுப்பே வேறுபாடு. ஆணும் பெண்ணும் ரத்தம் குடிக்கும். பெரும்பாலும் மாட்டின் கால்களையே கடிக்கும். மாடு தொடர்ந்து காலைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தால் காரணம் இந்த ஈயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது எருமை ஈ. அளவில் சிறியது. மாட்டின் முதுகிலும் திமிலோரத்திலும் கூட்டமாகத் தங்கி ரத்தம் குடிக்கும். முட்டையிட மட்டுமே கீழே இறங்கி, அப்போதுதான் விழுந்த சாணத்தை நாடும்.

இவை தவிர, சர்ரா எனப்படும் ரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் பெரிய மாட்டு ஈக்களும், திறந்த புண்ணில் முட்டையிட்டுப் புழு வைக்கும் ஈக்களும் தனி இனங்கள்.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அன்று என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தோல் கழலை நோய், 2022இல் குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் பரவி ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகளின் உயிரைப் பறித்தது. கடிக்கும் ஈக்கள், கொசுக்கள், உண்ணிகள் வழியே இந்த நோய் பரவுவதால், தடுப்பூசியோடு பூச்சிக் கட்டுப்பாடும் வலியுறுத்தப்பட்டது. அப்போது பலரும் கண்ணில் பட்ட ஈக்களின் மீதெல்லாம் மருந்து தெளித்தனர். கடிக்காத வீட்டு ஈயைக் கொல்வதில் செலவான மருந்து, கடிக்கும் ஈ பிறக்கும் ஈர வைக்கோலைத் தொடவே இல்லை.

ஏழு நாள் கணக்கு

வீட்டு ஈயின் வாழ்க்கை முழுவதும் நாள்கணக்கில் அடங்கிவிடும். பெண் ஈ ஒரு முறைக்கு 75 முதல் 150 முட்டைகள் வரை ஈரமான சாணத்திலோ அழுகும் தீவனத்திலோ இடுகிறது. வாழ்நாளில் இவ்வாறு பல முறை இடும். வெப்பமான காலநிலையில் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் முட்டை பொரிந்து வெண்ணிறப் புழு வெளிவரும். அந்தப் புழு 4 முதல் 7 நாள்களில் முழு வளர்ச்சி அடைந்து, ஈரம் குறைந்த ஓரத்துக்கு நகர்ந்து, பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாக மாறும். மேலும் 3 முதல் 6 நாள்களில் அதிலிருந்து ஈ வெளிவரும். மொத்தத்தில் 7 முதல் 10 நாள்களுக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கை எருக்குவியலோடு பொருத்திப் பார்த்தால் பிரச்சினையின் அளவு புலப்படும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்களில், வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணம் இடுவதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. இரண்டு எருமைகள் உள்ள வீட்டில் ஒரு வாரத்தில் 210 முதல் 280 கிலோ சாணம் சேர்கிறது. அது ஒரு வாரம் ஈரமாகவும் திறந்தும் கிடந்தால் போதும்; முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகிவிடும். அதற்குப் பிறகு குவியலை அள்ளினாலும் பயன் குறைவு. கூட்டுப்புழுக்கள் ஓரத்து மண்ணுக்குள் சென்றிருக்கும்.

நாம் பார்த்து எரிச்சல்படும் ஈக்கள் இந்தச் சுழற்சியின் கடைசிக் கட்டம் மட்டுமே. பறக்கும் ஈக்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் குவியலுக்குள் காத்திருக்கின்றன. மருந்து தெளித்த மூன்றாம் நாள் ஈக்கள் திரும்பி வருவது இதனால்தான். அவை தப்பிப் பிழைத்தவை என்பதைவிட, புதிதாகப் பிறந்தவை என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

அதேவேளை இந்தச் சுழற்சியில் ஓர் எளிய பலவீனமும் உண்டு. ஈரம் இல்லாமல் முட்டையும் இளம்புழுவும் பிழைப்பதில்லை. சாணம் மெல்லியதாகப் பரவி விரைவாகக் காய்ந்தாலோ, குவியல் மக்கும்போது உள்ளே 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினாலோ அவை மடிந்துவிடும். வட மாநிலங்களில் பெண்கள் அன்றன்றைய சாணத்தை வறட்டியாகத் தட்டிக் காயவைப்பது எரிபொருளுக்காகத்தான் என்றாலும், கோடையில் அது ஈ உற்பத்தியையும் தடுத்துவிடுகிறது. மழைக்காலத்தில் வறட்டி காயாது. அப்போது சாணம் குவியலுக்குப் போகிறது. மழைக்கும் ஈக்கும் உள்ள தொடர்பு இங்குதான் இருக்கிறது.

மருந்து ஏன் தோற்கிறது?

பூச்சிக்கொல்லியை எதிர்த்து நிற்கும் ஆற்றலில் வீட்டு ஈக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதிசய மருந்தாகக் கொண்டாடப்பட்ட டிடிடி, பரவலான பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1946இல் ஸ்வீடனில் வீட்டு ஈக்களிடம் தோற்கத் தொடங்கியது. அதன்பின் வந்த ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளுக்கும், இன்று பரவலாகப் பயன்படும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் எதிர்ப்பாற்றல் கொண்ட ஈக்கள் உலகின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளன. பத்து நாளுக்கு ஒரு தலைமுறை என்ற வேகத்தில் பெருகும் உயிரினத்தில், ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளிப்பது அந்த மருந்துக்குச் சாகாதவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்குச் சமம்.

எருக்குவியலின் மீது நேரடியாக மருந்தை ஊற்றுவதால் மற்றொரு தீங்கும் நேர்கிறது. ஈயின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் தின்னும் வண்டுகளும் சிற்றுண்ணிகளும், கூட்டுப்புழுவைத் துளைத்து அதற்குள் முட்டையிடும் நுண்குளவிகளும் அதே குவியலில்தான் வாழ்கின்றன. மருந்து இவற்றையும் சேர்த்தே கொல்கிறது. ஈ பத்து நாளில் மீண்டும் பெருகிவிடும். அதன் எதிரிகள் மீண்டுவரக் கூடுதல் காலம் பிடிக்கும்.

சட்டப் பின்னணியும் கவனத்துக்குரியது. மாட்டுக் கொட்டகைகளிலும் வீடுகளிலும் ஈ, கரப்பானுக்காகப் பல்லாண்டுகள் தாராளமாகப் புழங்கிய டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லியை, மத்திய அரசு 2018இல் பிறப்பித்த ஆணையின் மூலம் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்தது. ஆனால் பயிருக்கென விற்கப்படும் மருந்தைக் கண்ணளவாகத் தண்ணீரில் கலந்து மாட்டின் மீதே தெளிக்கும் ஆபத்தான வழக்கம் முற்றிலும் மறைந்துவிட்டதாகக் கூற இயலாது. மாடு தன் உடலை நக்கும். தெளித்த மருந்து தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் படியும். அங்கிருந்து பாலுக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது.

கால்நடைகளுக்கென ஒப்புதல் பெற்ற, முதுகில் ஊற்றும் மருந்துகள் கடிக்கும் ஈக்களுக்கும் உண்ணிகளுக்கும் எதிராகப் பயன் தரக்கூடியவை. அவற்றையும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி, உரிய அளவில், மருந்து இட்ட பின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்ற குறிப்பைப் படித்தறிந்தே பயன்படுத்த வேண்டும்.

தில்லியும் ஆனந்தும்: இரு காட்சிகள்

இடம் இல்லாத நகரமும், சாணத்துக்கு வழி கண்ட கிராமமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்கு இரண்டு இடங்களைக் கூறலாம்.

தலைநகர் தில்லியில் அரசால் ஒதுக்கப்பட்ட பால்பண்ணைக் குடியிருப்புகள் பல உள்ளன. நகருக்குள் சிதறிக் கிடந்த மாடுகளை ஓரிடத்தில் சேர்க்கும் நோக்கில் உருவான இவை, நாளடைவில் நான்கு புறமும் வீடுகளால் சூழப்பட்டன. இந்தக் குடியிருப்புகளின் நிலை குறித்த வழக்கு 2024 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. காசிப்பூர், பல்ஸ்வா ஆகிய இரண்டும் குப்பைக் கிடங்குகளை ஒட்டி அமைந்திருப்பதைக் கவனத்தில் கொண்ட நீதிமன்றம், கிடங்கின் கழிவைத் தின்னும் மாடுகளின் பால் மக்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்று கவலை தெரிவித்தது. அவற்றை இடமாற்றம் செய்ய வேண்டியதன் அவசியத்தையும் எடுத்துரைத்தது.

இத்தகைய இடங்களில் தனி மாட்டுக்காரர் ஒருவர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் பயன் சிறிதே. வீட்டு ஈ தான் பிறந்த இடத்திலிருந்து ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை எளிதில் பறந்து செல்லக்கூடியது. பக்கத்துக் கொட்டகையின் சாணமும் எதிரில் உள்ள குப்பை மேடும் அவருடைய மாட்டின் மீதும் ஈக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். பண்ணைகளின் சாணத்தைச் சாக்கடையில் தள்ளக் கூடாது, உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்டு 2021இல் திருத்திய வழிகாட்டுதல்களின் சாரம். நெரிசலான குடியிருப்பில் அதைச் செயல்படுத்த உள்ளாட்சியின் வண்டியும் பொதுவான சாணக் கிடங்கும் இன்றியமையாதவை.

குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் உள்ள சகரியாபுரா, முஜ்குவா ஆகிய கிராமங்கள் வேறொரு காட்சியை அளிக்கின்றன. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் முயற்சியால் இங்குள்ள வீடுகளில் 2 கன மீட்டர் அளவுள்ள சாண எரிவாயுக் கலன்கள் நிறுவப்பட்டன. இரண்டு, மூன்று மாடுகளின் சாணம் இதற்குப் போதும். எரிவாயு அடுப்புக்குப் போகிறது. எஞ்சும் கரைசல் வயலுக்கும், மகளிர் எருக் கூட்டுறவு வழியாக விற்பனைக்கும் செல்கிறது.

எரிபொருளுக்கும் உரத்துக்குமாக வகுக்கப்பட்ட திட்டம் இது. இருப்பினும் ஈயின் நாள்கணக்கை அறிந்தவருக்கு இதன் மற்றொரு பயன் உடனே தெரியும். முட்டை பொரிய 8 மணி நேரமாவது வேண்டும். அன்றைய சாணம் அன்றே மூடிய கலனுக்குள் போய்விட்டால், ஈக்கு முட்டையிட இடமும் இல்லை, இட்ட முட்டை பொரிந்து வளர வழியும் இல்லை. கரைசல் தொட்டியைத் திறந்து வைத்தாலோ, மீந்த சாணத்தைக் கலனுக்கு அருகிலேயே குவித்தாலோ இந்தப் பயன் கைநழுவும்.

அறிந்தும் ஏன் செய்ய முடிவதில்லை?

'சாணத்தை உடனுக்குடன் அகற்றுங்கள்' என்பதே விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளின் முதல் வரி. எங்கே அகற்றுவது என்பதற்கு அவை பதில் தருவதில்லை.

விவசாயிக்குச் சாணம் கழிவு அன்று. அது அவருடைய உரம். வயல் அறுவடையாகி வெறுமையாகும்போதுதான் எருவை அங்கு கொண்டுபோய்க் கொட்ட முடியும். அதுவரை ஆறு மாதமானாலும் அதை வீட்டருகே சேர்த்து வைத்தாக வேண்டும். நிலமற்றவருக்கோ அகற்றிக் கொட்ட இடமே இல்லை. எனவே குவியலை வைக்காதீர்கள் என்று சொல்வதைவிட, குவியலை எப்படி வைப்பது என்று சொல்வதே நடைமுறைக்கு ஏற்றது. குவியலை மூடி, முறையாக மக்கச் செய்தால் ஈ குறைவதோடு, திறந்த குவியலிலிருந்து காற்றில் கலந்து வீணாகும் தழைச்சத்தும் மிஞ்சும். ஈக்காகச் செய்யத் தயங்குபவரும் எருவின் தரத்துக்காகச் செய்ய முன்வரக்கூடும்.

அடுத்தது உழைப்பு. நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் சாணம் அள்ளுவதும் கொட்டகை கூட்டுவதும் பெண்களின் வேலை. வாரத்துக்கு 250 கிலோ சாணத்தைக் கூடையில் சுமப்பது, சமையலுக்கும் தண்ணீருக்கும் வயல் வேலைக்கும் இடையில் நடைபெறுகிறது. ஆனால் பால் பணம், மாட்டுக் கடன், பயிற்சி முகாமுக்கான அழைப்பு ஆகியவை பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே உள்ளன. சாணத்தைத் தொடாதவருக்கு ஈக் கட்டுப்பாடு குறித்துப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அதைச் செய்ய வேண்டியவர் வீட்டில் இருக்கிறார். ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் பணியாற்றும் பசு சகிகள் போன்ற பெண் களப்பணியாளர்கள் வழியாக இந்தச் செய்தியைக் கொண்டு சேர்ப்பது பயன் தருவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது விலை. கொள்முதல் நிலையத்தில் பாலுக்கான விலை பெரும்பாலும் அதன் கொழுப்பையும் பிற திடச்சத்தையும் அளந்தே நிர்ணயிக்கப்படுகிறது. ஈ மொய்க்காத கொட்டகையில் தூய்மையாகக் கறந்த பாலும், மொய்த்த கொட்டகையின் பாலும் ஒரே கொழுப்பளவு கொண்டிருந்தால் ஒரே விலைதான். கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் காசு இல்லை என்னும்போது, அந்த உழைப்பை அறிவுரையால் மட்டும் வரவழைக்க இயலாது.

பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை

கலனோ கான்கிரீட் தரையோ இல்லாத வீட்டிலும் ஏழு நாள் கணக்கை முறிக்க வழிகள் உள்ளன. கால்நடைப் பூச்சியியல் பரிந்துரைக்கும் நடைமுறைகளில் சிறு பண்ணையாளருக்குப் பொருந்துபவை வருமாறு:

* கொட்டகைச் சாணத்தை நாள்தோறும் அள்ள வேண்டும். கொட்டகையைச் சுற்றிச் சிதறிக் கிடப்பதை வாரத்துக்கு இரண்டு முறையேனும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் புதிய தலைமுறை ஈக்கள் வெளிவந்துவிடும்.

* எருக்குவியலைக் கருப்பு பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அழுத்த வேண்டும். உள்ளே சூடேறிப் புழுக்கள் மடியும். புதிய ஈக்களும் முட்டையிட முடியாது.

* மூட இயலாவிட்டால் வாரம் ஒருமுறை குவியலைப் புரட்டிப்போட வேண்டும். சூடு தாங்காமல் புழுக்கள் குவியலின் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். ஓரத்தில் உள்ளதை உள்ளே தள்ளினால் அவை சூட்டில் சிக்கும்.

* கண்ணில் படாத ஈரங்களைத் தேட வேண்டும். தீவனத் தொட்டியின் அடி, தண்ணீர்த் தொட்டியின் ஓரம், கன்று கட்டும் இடத்தின் வைக்கோல், சிறுநீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றில் தொழுவ ஈயும் வீட்டு ஈயும் ஒருங்கே பெருகும்.

* கறவைக்கு முன் காம்புகளைக் கழுவித் தூய துணியால் துடைக்க வேண்டும். கறந்து முடித்த பின் காம்பின் துளை முழுமையாக மூடிக்கொள்ள அரை மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் தீவனம் வைத்தால் மாடு படுக்காமல் நிற்கும். மடி நோய்க் கிருமிகள் நுழையும் வாய்ப்பு குறையும். பால் பாத்திரத்துக்கு மூடி கட்டாயம்.

* மின்விசிறி வைக்க முடிந்தவர்கள் கறவை நேரத்திலாவது அதை இயக்கலாம். பலத்த காற்றோட்டத்தில் ஈக்களால் நிலைத்து அமர முடியாது. வேப்பிலைப் புகை சிறிது நேரம் ஈக்களை விரட்டும். ஆனால் அவற்றின் பிறப்பைத் தடுக்காது. மூடிய கொட்டகையில் புகை மூட்டுவது மாட்டுக்கும் கறப்பவருக்கும் மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

* மருந்து கடைசி வழியாக இருக்க வேண்டும். வெல்லப்பாகு கலந்த பொறியும் ஒட்டுத்தாளும் போதாதபோது, மருத்துவர் ஆலோசனையுடன் வெவ்வேறு வகை மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

இவற்றின் பலனை அறிய எளிய அளவுகோல் ஒன்றும் உண்டு. உள்ளங்கை அளவுள்ள வெள்ளை அட்டை ஒன்றை ஈக்கள் அமரும் தூணில் ஒரு வாரம் கட்டித் தொங்கவிட வேண்டும். ஈக்கள் இட்ட கரும்புள்ளிகள் அதில் நூற்றுக்கு மேல் இருந்தால் கட்டுப்பாடு போதவில்லை என்று பொருள். அமெரிக்க வேளாண் விரிவாக்கத் துறைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முறை இது. வாரந்தோறும் எண்ணிக் குறித்து வந்தால், செய்த வேலை பலித்ததா என்பதை ஊகமின்றி அறியலாம்.

பால் வாங்குவோர் அஞ்ச வேண்டுமா?

பாக்கெட் பால் பதப்படுத்தப்பட்டே விற்பனைக்கு வருகிறது. நேரடியாக வாங்கும் பாலைக் கொதிக்க வைத்து அருந்தும் வழக்கம் இந்திய வீடுகளில் வேரூன்றியுள்ளது. கொதிக்கும்போது பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடிந்துவிடும் என்பதால் அச்சத்துக்கு இடமில்லை. எனினும் சில பாக்டீரியாக்கள் பாலில் உருவாக்கும் நச்சு சூட்டில் அழியாது. ஆகவே கறக்கும் இடத்தின் தூய்மைக்குக் கொதிக்க வைத்தல் முழுமையான மாற்றாகாது.

மடி நோயோடு தொடர்புடைய மற்றொரு கவலையும் உண்டு. மடி நோய் வந்தால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து செலுத்தப்படுகிறது. அதன் எச்சம் பாலில் கலக்கும் வாய்ப்பு எழுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது, 77 மாதிரிகளில், அதாவது 1.2 சதவீதத்தில், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் அந்த எச்சம் காணப்பட்டது. மடி நோய்க்குக் காரணங்கள் பல. ஈ அவற்றுள் ஒன்று. அதைக் குறைப்பது மருந்துத் தேவையைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாகும்.

பால் குடிக்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாகிஸ்தானின் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஈக்கள் கட்டுப்படுத்தப்பட்ட ஊர்களில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. கொட்டகையும் வீடும் ஒரே சுவரைப் பகிரும் ஊர்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும்.

இனி என்ன?

வெண்மைப் புரட்சி 2.0 திட்டத்தின் மூலம் கூட்டுறவுகளின் பால் கொள்முதலை ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் உயர்த்த மத்திய அரசு இலக்கு நிர்ணயித்துள்ளது. கொள்முதல் கூடினால் மாடும் கூடும், சாணமும் கூடும். இதை உணர்ந்தே சாண மேலாண்மைக்கெனத் தனியாகப் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைக்கப்படும் என 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 2018இல் தொடங்கிய கோபர்தன் திட்டமும், சாணத்தைக் கிலோ 2 ரூபாய்க்கு வாங்க 2020இல் சத்தீஸ்கர் அரசு தொடங்கிய திட்டமும் ஒரே எண்ணத்தில் எழுந்தவை: சாணத்துக்கு விலை இருந்தால் அது முற்றத்தில் தேங்காது.

இந்தத் திட்டங்களின் ஆவணங்களில் எரிவாயுவுக்கும் உரத்துக்கும் இலக்கு உண்டு. சாணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை சேகரிக்கப்பட வேண்டும் என்ற வரியையும் அவற்றில் சேர்த்தால் ஈக் கட்டுப்பாடு தனிச் செலவின்றியே கைகூடும். மாதம் ஒருமுறை வரும் சாண வண்டி எரிவாயு ஆலைக்குப் பயன்படலாம். ஈயைத் தடுக்க அது உதவாது. வாரம் இருமுறை வரும் வண்டி இரண்டையும் செய்யும்.

ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் குவியல்களை மூடுவது, எருக்குழிகளையும் கொட்டகைத் தளங்களையும் ஊரக வேலைத் திட்ட நிதியில் அமைப்பது, தூய்மையாகக் கறந்த பாலுக்கு லிட்டருக்குச் சிறு தொகையேனும் கூடுதலாக அளிப்பது ஆகியவை கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் சேர்ந்து எடுக்கக்கூடிய முடிவுகள். கால்நடை வளர்ப்போர் ஐயங்களுக்கு 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அணுகலாம்.

மழை தொடங்கிய பின் பெருகிய ஈக்களை விரட்டுவதைவிட, அதற்கு இரண்டு வாரம் முன்பே குவியலை மூடுவது எளிது. அந்த இரண்டு வாரத்தில் ஈயின் ஒரு தலைமுறை முழுவதும் பிறக்காமலே போய்விடும் என்பது குறிப்பிடத்தக்கது.